மோரென்று குடித்த கஞ்சி

துரைக்கண்ணுவின் இடது செருப்பில் ஆணி ஒன்று மேலே கிளம்பி, உள்ளங்காலில் ஏறி, இரண்டு நாள் அவரோடேயே வயலுக்கும் வீட்டுக்கும் நடந்தது. அவருக்கு அது தெரியவில்லை. செருப்பு பிசுபிசுக்கிறதே, எந்தச் சேற்றை மிதித்தோம் என்று குனிந்து பார்த்தபோதுதான் ரத்தம் என்று புரிந்தது. பக்கத்து நிலத்துக்காரன் ஓடிவந்து ஆணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "இன்னாண்ணே, வலிக்கலியா உனுக்கு?" என்று வாயைப் பிளந்தான்.

"நெருப்பையே மிதிச்ச காலுடா இது. ஆணி இன்னா பண்ணும்?" என்றார் துரைக்கண்ணு.

அந்தப் பெருமைதான் அவரைக் கெடுத்தது. வளவனூருக்குத் தெற்கே, ஊர்ப் பேரைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்குவானேன், ஓர் ஊரில் திரௌபதி அம்மன் தீமிதியில் வருஷா வருஷம் முதல் ஆளாக நெருப்பில் இறங்குகிறவர் அவர். மற்றவர்கள் கொப்புளம் கண்டு மஞ்சள் பூசிக்கொண்டு நொண்டும்போது, இவர் மட்டும் மறுநாள் விடிந்ததும் ஏர் கட்டப் போவார். "பக்தின்னா அதுதான் பக்தி" என்று ஊர் சொல்லும். ஐம்பதைத் தாண்டிய உடம்பு. அதில் சர்க்கரை வியாதி பல வருஷமாகக் குடியிருந்தது. அதைப் பற்றி யாராவது விசாரித்தால், "அது ஒரு பக்கம் கெடக்குது" என்பார்.

ஒரு பக்கம் சும்மா கிடக்கிற வியாதியா அது? மாசி பிறப்பதற்குள் ஆணிக் குழி பழுத்து, சுண்டுவிரல் கறுத்து, நாற்றம் எடுத்துவிட்டது. இனி மஞ்சளும் வேப்பிலையும் ஆகாது என்று விழுப்புரத்துக்கு பஸ் ஏறினார். 1966ஆம் வருஷம் அது.

விழுப்புரத்தில் டாக்டர் தேவநாதனிடம் புதிதாக ஒரு மிஷின் வந்திருந்தது. நெஞ்சு துடிப்பதை அப்படியே காகிதத்தில் கோடாகக் கிழித்துக் காட்டும் என்று பஜாரெல்லாம் அதே பேச்சு. டாக்டர் காலைப் பார்த்தார், விரலை எடுத்துவிட வேண்டும் என்றார், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் எதற்கும் நெஞ்சை ஒரு படம் எடுத்துவிடலாம் என்றார்.

"காலுக்கு வந்தவனுக்கு நெஞ்சுல இன்னா சார் படம்?" என்று சிரித்தார் துரைக்கண்ணு. ஆனாலும் சட்டையைக் கழற்றிப் படுத்தார். கையிலும் காலிலும் தகடுகளை வைத்து வாரால் கட்டினார்கள். நெஞ்சில் ஏதோ பசையைத் தடவினார்கள். மிஷின் கரகரவென்று ஓட, கட்டம் போட்ட காகிதம் நாடா மாதிரி வெளியே வந்தது. டாக்டர் அதைக் கையில் இழுத்துப் பார்த்தார். மறுபடியும் ஓட்டினார்.

"எப்போ மாரடைப்பு வந்தது?" என்று கேட்டார்.

"யாருக்குங்க?"

"உங்களுக்குத்தான்."

துரைக்கண்ணு சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இதயத்துல ஒரு பக்கத்துச் சதை செத்துப்போயிருக்கு. புதுசு இல்லை, பழசு. ஆறிப்போன தழும்பு மாதிரி. ஒரு வருஷமும் ஆகியிருக்கலாம், மூணு வருஷமும் ஆகியிருக்கலாம். அதை இந்த மிஷின் சொல்லாது."

"வந்திருந்தா வலிச்சிருக்குமே சார். மாரைப் புடிச்சிக்கினு உருளுவாங்களே. எனுக்கு அப்பிடி ஒண்ணும் வரலியே."

டாக்டர் ஒரு குண்டூசியை எடுத்தார். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். உள்ளங்காலில் குத்தப்போவதாகவும், குத்தியதும் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். துரைக்கண்ணு கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார். காத்திருந்து அலுத்துப்போய், "சும்மா குத்துங்க சார், நான் பயப்பட மாட்டேன்" என்றார்.

"குத்தியாச்சு. நாலு இடத்துல."

கண்ணைத் திறந்து பார்த்தபோது ஊசி காலில் நின்றுகொண்டிருந்தது.

"சர்க்கரை ரொம்ப நாள் ரத்தத்துல நின்னா நரம்பு மரத்துப்போகும். கால்ல மரத்துப்போனது நெஞ்சை மட்டும் விட்டுவைக்குமா? உங்களைப் போல ஆளுங்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாம வந்துட்டுப் போயிடும்" என்றார் டாக்டர்.

துரைக்கண்ணுவின் மனசு நெஞ்சை விட்டுவிட்டுக் காலிலேயே நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்போ, நெருப்பை மிதிச்சாக்கூட இந்தக் காலு சுடாதுங்களா?"

"சுடும். உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

இத்தனை வருஷத்துப் பக்தியும் அந்த ஒரு வார்த்தையில் பொடிப்பொடியாகிவிட்டது. அதோடு விட்டிருந்தால்கூட அவர் எப்படியோ தேறியிருப்பார். டாக்டர் விடவில்லை. "வலி இல்லாட்டியும் வேற அடையாளம் இருந்திருக்கும். திடீர்னு குப்புன்னு வேர்த்து, மூச்சு வாங்கி, குமட்டிக்கிட்டு, மயக்கமா விழுந்தது உண்டா?" என்றார்.

உண்டு. ஊரே பார்க்க விழுந்தது உண்டு.

"போன வருஷத்துக்கு முந்தின சித்திரையில, தீமிதி அன்னைக்கு, குழி ஓரத்துலயே உழுந்துட்டேங்க" என்றார்.

"அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"வெரதங்க. காத்தால ஊசி போட்டுக்கினேன். அப்புறம் ஒண்ணுமில்ல. மத்தியானம் ஒரு சொம்பு மோரு." நிறுத்தினார். அறையில் அவரும் டாக்டரும் மட்டும்தான் இருந்தார்கள். "மோருன்னா, அதுல கேப்பைக் கஞ்சி கலந்திருந்துது. எம் பொஞ்சாதி கலந்து எடுத்தாந்தா."

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கிட்டு நாள் பூரா பட்டினியா? அந்தக் கஞ்சி உள்ளே போகாம இருந்திருந்தா, சர்க்கரை இறங்கினது ஒரு பக்கம், மாரடைப்பு ஒரு பக்கம், அன்னைக்கே உங்க கதை முடிஞ்சிருக்கும். உங்களைப் பிழைக்க வெச்சது அவங்கதான். இனிமே உங்களைக் கூட இருந்து பார்த்துக்க ஆள் வேணும். அவங்களைக் கூப்பிடுங்க, நான் பேசணும். வெளியே இருக்காங்களா?"

துரைக்கண்ணு சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

மயக்க மருந்தை நெஞ்சு தாங்காது என்று அது இல்லாமலேதான் விரலை எடுத்தார்கள். கத்தி பட்டது அவருக்குத் தெரியவில்லை. ஆனால் மேஜையில் படுத்திருந்த நேரம் முழுக்க அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. நர்ஸ் அம்மாள் பாவம், வலியாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பெண்டாட்டி வீரம்மாள் வெளியே இல்லை. ஒன்றரை வருஷமாக அவள் திண்டிவனத்தில் தம்பி வீட்டில் இருந்தாள். ஏன் இருந்தாள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

இவருடைய சர்க்கரையை இவர் பார்த்துக்கொண்டதே இல்லை. எல்லாம் அவள்தான். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, இவர் சிறுநீரில் சில சொட்டு விட்டு, விளக்கில் காய்ச்சிப் பார்ப்பாள். நீலமாகவே நின்றால் அன்றைக்கு அவள் முகத்தில் சிரிப்பு. செங்கல் நிறத்துக்குத் திரும்பினால் சோற்றுப் பானையைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டுக் களி கிண்டுவாள். ஊசியைக் கொதிக்க வைப்பது, மருந்துப் புட்டியை ஈர மணல் சட்டியில் புதைத்து வைப்பது, ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும் என்று கம்பவுண்டர் சொன்னதை வேத வாக்காக நினைப்பது, எல்லாம் அவள் பாடு. ஒரே மகளைக் கடலூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்த பிறகு அவளுக்குப் பிள்ளையே இவர்தான்.

அந்தச் சித்திரையில் காப்புக் கட்டிக்கொண்டு கோயிலோடு தங்கிவிட்டார் துரைக்கண்ணு. நெருப்பில் இறங்குகிறவன் விரத நாளில் வீட்டுக்குள் நுழையக் கூடாது, பெண்டாட்டி கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது, தீமிதி அன்றைக்குப் பச்சைத் தண்ணீரும் நீர்மோரும் தவிர வேறொன்றும் வாயில் படக் கூடாது. ஊசி சாப்பாடு இல்லையே, அதற்குத் தோஷமில்லை என்று அதை மட்டும் காலையில் போட்டுக்கொண்டார். மத்தியானம் அவர் கோயில் வேப்பமரத்தடியில் சாய்ந்திருந்தபோது, வீரம்மாள் ஒரு சொம்பைக் கொண்டுவந்து எட்ட வைத்தாள். அவர் முகம் எண்ணெய் வழிகிற மாதிரி வேர்த்திருந்ததைப் பார்த்தாள்.

"மோருங்க" என்றாள்.

ஒரு வாய் குடித்ததுமே தெரிந்துவிட்டது. மோர் இப்படித் தொண்டையில் நின்று இறங்காது. மோரில் கேப்பை வாசனை வராது. துரைக்கண்ணு அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணாலேயே கும்பிட்டாள். அவர் மறுபடியும் சொம்பைத் தூக்கி, கடைசிச் சொட்டுவரை குடித்தார். குடித்ததும் உடம்பு கொஞ்சம் தேறியது. சாயங்காலம் எழுந்து மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

குழி செக்கச் செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. உடுக்கைச் சத்தமும் குலவையும் காதைப் பிளந்தன. முதல் ஆளாகக் குழி ஓரத்தில் போய் நின்றவருக்கு, சத்தமெல்லாம் திடீரென்று எங்கேயோ தூரத்தில் போய்விட்டது. குப்பென்று வேர்த்தது. வயிற்றைப் புரட்டியது. அடுத்த நிமிஷம் சாய்ந்துவிட்டார். நல்ல வேளை, யாரோ வேட்டியைப் பிடித்துப் பின்னால் இழுத்ததால் நெருப்பில் விழவில்லை.

தீமிதியில் விழுந்தவன் வீட்டில் விரதம் கெட்டிருக்கிறது என்பது அந்தப் பக்கத்துச் சட்டம். அதுவும் வீட்டுப் பொம்பளை தலையில்தான் விடியும். "ஊட்டுல இன்னா நடந்துது? உண்மையச் சொல்லிடுங்க" என்று பூசாரி விருத்தாசலம் சத்தம் போட்டார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த வீரம்மாள் புருஷன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "சாமி குத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மத்தியானத்துலேர்ந்து ஆளு வேர்த்துக் கொட்டுது. ஒடம்புக்கு இன்னாவோ ஆயிடுச்சி. ஊசி போட்டுக்கினு பட்டினி கெடக்கக் கூடாதுன்னு நாந்தான் மோருல கஞ்சி கலந்து குடுத்தேன். வண்டி கட்டுங்க, டாக்டருகிட்ட போவலாம்" என்று கத்தினாள்.

அவள் சொன்னதில் பாதியைத்தான் ஊர் காதில் வாங்கியது. கஞ்சி என்ற பாதியை மட்டும்.

மயக்கம் தெளிந்து உட்கார்ந்த துரைக்கண்ணுவிடம் பூசாரி கேட்டார், "தெரிஞ்சா குடிச்ச?"

எதிரே ஊரே நிற்கிறது. முதல் ஆளாக இறங்குகிற பெருமை நிற்கிறது. முதுகைத் தாங்கிக்கொண்டு வீரம்மாள் உட்கார்ந்திருக்கிறாள்.

"மோருன்னுதான் குடிச்சேன்" என்றார் துரைக்கண்ணு.

அவ்வளவுதான். அவள் ஈரப் புடவையோடு மஞ்சள் தண்ணீர்க் குடம் சுமந்து கோயிலைச் சுற்றி வந்து மன்னிப்புக் கேட்டாள். சாமி மன்னித்ததோ என்னவோ, ஊர் மன்னிக்கவில்லை. ஒரு கல்யாணத்தில் ஆலத்தித் தட்டைத் தொடப் போனவளை, "நீ கொஞ்சம் தள்ளி நில்லுடி" என்றாள் ஒருத்தி. வீரம்மாள் திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அந்த ஐப்பசியில் அவள் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினாள். இவர் போய்க் கூப்பிடவில்லை. ஆம்பளை அல்லவா!

இன்னொன்றும் நடந்தது. அதைத்தான் நினைக்க நினைக்க அவருக்கு இப்போது ஆறவில்லை. அடுத்த சித்திரையில் அவள் வீட்டில் இல்லாதபோது அவர் மறுபடியும் இறங்கினார். விழவில்லை. மறுநாள் நொண்டக்கூட இல்லை. "பாத்தியா? அவ ஊட்ட உட்டுப் போனா, எல்லாம் சரியாயிடுச்சி" என்று ஊர் சொன்னது. இவரும் மீசையைத் தடவிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை இப்போது எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இவருக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. கெட்டிருந்தால்கூடச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது இருந்திருக்கும்.

காலில் கட்டோடு, கக்கத்தில் அந்தக் காகிதச் சுருளோடு திண்டிவனத்தில் போய் இறங்கினார். மச்சினன் கண்ணையன் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் எடை போடுகிறவன். அவன் வீட்டு வாசலில் மூட்டை மூட்டையாக மல்லாட்டை கொட்டிக் கிடந்தது. நாலைந்து பெண்கள் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தியாக வீரம்மாள் இருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். முன்தலை நரைத்திருந்தது. அவள் முதலில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள்.

"வெரலு எங்க?"

"எடுத்துட்டாங்க."

"யாரு ஊசி போடறாங்க?"

"வளவனூரு கம்பவுண்டரு. போனா போடுவாரு."

"போனாத்தானே?" என்றாள். கூட இருந்த பெண்கள் முறத்தை எடுத்துக்கொண்டு நாசூக்காகப் பின்கட்டுக்குப் போனார்கள். கண்ணையன் மட்டும், "வாங்க மாமா" என்று ஒரு முக்காலியைப் போட்டுவிட்டுத் தூரமாய்ப் போய் நின்றுகொண்டான்.

வழியெல்லாம் அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார். இந்தச் செய்தியைக் கேட்டால் அவள் அழுவாள், மனசிலிருந்த பாரம் இறங்கிவிடும், சாயங்கால பஸ்ஸிலேயே இரண்டு பேரும் ஊருக்குப் போய்விடலாம் என்றுகூடக் கணக்குப் போட்டிருந்தார். சுருளை அவசரமாகப் பிரித்தார்.

"வீரம்மா, அன்னைக்கு நடந்தது சாமி குத்தமில்ல. மாரடைப்பாம். வலியே இல்லாம வந்திருக்குதாம். இதோ பாரு, மிஷின்ல புடிச்ச படம். இந்த எடத்துலதான் சதை செத்துப்போயிருக்குதாம். நீ குடுத்த கஞ்சியாலதான் பொழைச்சேன்னு டாக்டரே சொல்லிட்டாரு. உன் மேல தப்பே இல்ல."

அவள் கையிலிருந்த தொலியைத் தட்டிவிட்டு எட்டிப் பார்த்தாள். காகிதத்தைத் தொடவில்லை. அந்த மேடு பள்ளக் கோட்டைக் கண்ணாலேயே கடைசி வரை தொடர்ந்தாள். "இப்போ எப்பிடி இருக்குது மாரு?" என்று கேட்டாள்.

"இருக்குது. வெயிட்டு தூக்கக் கூடாது, வெரதம் கூடாது, உப்பு கூடாதுன்னு சொல்லிருக்காரு."

"சரி." மறுபடியும் ஒரு பிடி மல்லாட்டையை அள்ளிக்கொண்டாள். "என் மேல தப்பில்லன்னு சொல்லத்தான் நொண்டிக்கினு இத்தினி தூரம் வந்தீங்களா? அது எனுக்கு அன்னைக்கே தெரியும். உங்குளுக்கும் தெரியும்."

துரைக்கண்ணு காகிதத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

"காலு மரத்துப்போச்சி, மாரு மரத்துப்போச்சி, சரி. நாக்குமா மரத்துப்போச்சி? மோரு எது, கஞ்சி எதுன்னு தெரியாமலா சொம்பக் கவுத்துக் குடிச்சீங்க?"

அவள் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பெண்டாட்டி சண்டை போட்டால் பதிலுக்குப் போட்டுப் பழக்கம். இப்படி மெல்லக் கேட்டால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அப்போ, அத்தினி பேரு முன்னாடி," என்று ஆரம்பித்தார். முடிக்க முடியவில்லை. "ஊட்டுக்கு வந்துடு வீரம்மா" என்று மட்டும் சொன்னார்.

"எந்த மூஞ்சியோட வர்றது? அந்த ஊருல நான் வெரதம் கெடுத்தவ. தட்டத் தொடக் கூடாதவ." ஒரு மல்லாட்டையை உடைத்தாள். "அதே கோயில் வாசல்ல, அதே ஜனங்க முன்னாடி, தெரிஞ்சுதான் குடிச்சேன்னு சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

திரும்புகிற பஸ்ஸில் துரைக்கண்ணுவுக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் நிம்மதி. சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஒரு பொய்யைச் சொன்ன வாய்தானே, ஒரு உண்மையைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும் என்று நினைத்தார். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்று பழமொழி சொல்லிக்கொண்டு வளர்ந்த மனுஷன், ஊர்க் காதைத் திறப்பது அதைவிடக் கஷ்டம் என்று அறிந்திருக்கவில்லை.

பங்குனி கடைசியில், காப்புக் கட்டுவதற்காகக் கோயில் வாசலில் ஊர் கூடியது. காலில் கட்டோடு வந்த துரைக்கண்ணுவைப் பார்த்ததும் நாலு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். விருத்தாசலம் மஞ்சள் கயிற்றை எடுத்து, "மொதக் காப்பு வழக்கம்போல துரைக்கண்ணுவுக்கு" என்றார்.

"எனுக்கு வேணாம்" என்று எழுந்து நின்றார் துரைக்கண்ணு. அன்றைக்குக் குடித்தது கஞ்சி என்று தெரிந்தேதான் குடித்தேன் என்றார். விழுந்தது மாரடைப்பினால், சாமி குத்தத்தினால் இல்லை என்றார். நெருப்பு சுடாதது பக்தியால் இல்லை, சர்க்கரையில் கால் மரத்துப்போனதால் என்றார். "வீரம்மா ஒரு தப்பும் பண்ணல. தப்பு பண்ணவன் நான். பொய் சொன்னவன் நான்" என்று மாரில் அடித்துக்கொண்டார். காகிதத்தை எல்லாருக்கும் தெரியும்படி விரித்துக் காட்டினார்.

மூலையிலிருந்து ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கட்டினவ மானத்தக் காப்பாத்த, பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறாரு பாரு. மனுசன்னா இவன் மனுசன்" என்றார்.

"ஐயோ, இல்லீங்க! நெசமாத்தான் சொல்றேன்!"

"நீ சொல்லுவ துரைக்கண்ணு. உன் கொணம் எங்குளுக்குத் தெரியாதா?" என்று பக்கத்திலிருந்தவன் முதுகைத் தட்டினான். விருத்தாசலம் அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். மேலும் கீழுமாகப் போகிற கோட்டை வெகு நேரம் பார்த்தார். உடம்பு சிலிர்த்தது அவருக்கு. "ஆத்தா கீறின கீறல்டா இது. அவ வந்து நெஞ்சுல கைய வெச்சிருக்கா. வேற யாரா இருந்தாலும் அன்னைக்கே போய்ச் சேர்ந்திருப்பான்" என்றார். நாலு மூலையிலும் குங்குமம் தொட்டு வைத்து, அதை அம்மன் காலடித் தட்டில் வைத்துக் கற்பூரம் காட்டினார். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ துரைக்கண்ணு கழுத்தில் ஒரு மாலையைப் போட்டார்கள்.

"இப்பிடிப்பட்ட மனுசன வெச்சிக்கினு வாழத் தெரியல பாரு அவளுக்கு" என்றாள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி.

துரைக்கண்ணு மறுபடியும் வாயைத் திறந்தார். பொய் சொன்ன அன்றைக்கு ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. இன்றைக்கு எத்தனை வார்த்தை சொன்னாலும் அத்தனையும் மாலையாகவே திரும்பி வந்து கழுத்தில் விழுந்தன. எங்கேயாவது ஒரு முகத்தில், ஒரே ஒரு முகத்தில், அடப்பாவி என்று தெரிகிறதா என்று தேடினார். எல்லாரும் அவரைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்கள். மாலையைக் கழற்றி வேப்பமரத்துக் கிளையில் மாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார். காகிதத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

மறுநாள் நிலத்தைப் பங்காளியிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மருந்துப் புட்டியை ஈரத் துணியில் சுற்றினார். ஊசிப் பெட்டி, வீரம்மாள் விட்டுப்போன கண்ணாடிக் குழாய், இரண்டு வேட்டி, இவ்வளவுதான் மூட்டை. திண்டிவனத்தில் அவர் இறங்கியபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வீரம்மாள் வாசல் மல்லாட்டையைக் கோலால் கிளறி விட்டுக்கொண்டிருந்தாள். மூட்டையைப் பார்த்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அத்தினி பேரு முன்னாடியுமா?"

"அத்தினி பேரு முன்னாடியும் சொன்னேன். ஒருத்தனும் நம்பல வீரம்மா." அவர் அப்படியே படிக்கல்லில் உட்கார்ந்துவிட்டார். "கத்திக் கத்திச் சொன்னேன். மாலையப் போட்டுட்டானுங்க. படத்த எடுத்து அம்மன் காலடியில வெச்சிட்டானுங்க. உன்னத்தான் மறுபடியும் பேசறாங்க. நான் சொன்னதால இன்னும் ஒரு பங்கு கூடத்தான் ஆச்சி."

வீரம்மாள் கோலைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"எப்பிடி இருந்துது?" என்று கேட்டாள்.

"இன்னாது?"

"நெசத்தச் சொல்லி ஒருத்தரும் நம்பாம நின்னது."

துரைக்கண்ணு அவளை நிமிர்ந்து பார்த்தார். மயங்கிக் கிடந்த தன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒடம்புக்கு இன்னாவோ ஆயிடுச்சி, வண்டி கட்டுங்க என்று இவள் கத்திய கத்தல் அவருக்கு முழுசாகக் காதில் விழுந்தது அப்போதுதான். கத்தி பட்டபோது தெரியாதது, ஊசி குத்தியபோது தெரியாதது, நெஞ்சிலேயே ஒரு பக்கம் செத்தபோது தெரியாதது, இப்போது தெரிந்தது.

"வலிக்குதுடி" என்றார்.

அவள் பதறிப்போய் ஓடிவந்து அவர் மாரில் கையை வைத்தாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். அது இல்லை, அந்த வலி இல்லை என்றார். அவளுக்குப் புரிந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

"நான் அந்த ஊருக்கு வரமாட்டேன். சாகிற வரைக்கும் வரமாட்டேன்" என்றாள்.

"வர வேணாம்."

"ஊசி போட்டுக்கினீங்களா?"

"காத்தால போட்டுக்கினேன்."

"சாப்டீங்களா?"

அவர் மூட்டை முடிச்சை நோண்டினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு சொம்பு இருந்தது. எட்ட வைக்கவில்லை. அவர் கையிலேயே கொடுத்தாள்.

"கேப்பைக் கஞ்சி" என்றாள். "தெரிஞ்சிக்கினு குடிங்க."